மாமியார் வீட்டுக்கு ஒறம்பரை போவது எப்படி?

கோவை உக்கடம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "பழனிக்கு எந்த பஸ்ஸுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நாலு பேர் வழி சொல்வார்கள், ஐந்தாவது ஆள், "முடி எடுக்கறீங்களா?" என்று அக்கறையாக விசாரிப்பார். அதே இடத்தில், "ஜெயிலுக்கு எந்த பஸ்ஸுங்க?" என்று கேளுங்கள். யாருக்கு, என்ன கேஸ், எத்தனை நாளாச்சு என்று மூன்று கேள்விகள் வரும். வழி மட்டும் வராது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தக் கையேடு.

சிறைக்கு நம் ஊரில் மாமியார் வீடு என்று பெயர். அதனால் உள்ளே போனவரை இனி மாப்பிள்ளை என்றே அழைப்போம். அவர் தப்பு செய்தாரா, இல்லையா என்பது கோர்ட்டார் பாடு. நம் பாடு மூன்றுதான்: அவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பது, போய்ப் பார்ப்பது, கடிதம் போடுவது. மூன்றுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் உரிமையை உரிமையாகக் கேட்டால் காரியம் நடக்காது. கைமாத்துக் கேட்பதுபோலக் கேட்க வேண்டும். கையேட்டின் சாரம் அவ்வளவுதான். அவசரக்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படி 1: மாப்பிள்ளை எங்கே?

எல்லாம் 'சும்மா' என்ற சொல்லில்தான் தொடங்கும். "சும்மா ஒரு விசாரணை, அனுப்பிச்சுடறோம்." மீன் மார்க்கெட்டில் சும்மா கொடுக்கும் கறிவேப்பிலையைப்போல இதை நினைத்துவிடாதீர்கள். இந்தச் சும்மாவுக்கு நீளம் அதிகம்.

கைது செய்தால் வீட்டாருக்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக எழுதி வைத்தது. உறவினர் வெளியூரில் இருந்தால் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தந்தி மூலம் தகவல் போக வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. 2013 ஜூலையில் நாட்டில் தந்தி சேவையையே மூடிவிட்டார்கள். ஆகவே தந்தி வரவில்லையே என்று வாசலில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையகத்திலும் எல்லார் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். அந்தப் பலகையைத் தேடும்போது சட்டப் பிரிவின் எண்ணைச் சொல்லிக்கொண்டு நுழையக் கூடாது. "ஐயா, ஒரு சின்ன சந்தேகமுங்க" என்று ஆரம்பிக்க வேண்டும். சந்தேகம் எவ்வளவு பெரிதானாலும் சின்னது என்றே சொல்ல வேண்டும்.

பதில் கிடைக்கவில்லையா? திருச்சி ரோட்டில் உள்ள ஜி.எச்.சுக்குப் போங்கள். கைதானவரை நீதிபதி முன் கொண்டுபோகும் முன்னால் மருத்துவப் பரிசோதனை செய்தாக வேண்டும். சீட்டு எழுதும் இடத்தருகே நின்றால், இரண்டு போலீஸாருக்கு நடுவில் வெறுங்காலோடு வரும் மாப்பிள்ளையைப் பார்க்க வாய்ப்புண்டு. அங்கே அழ வேண்டாம். "எந்தக் கோர்ட்டு?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு. அந்த நேரமும் தாண்டிவிட்டால் உங்கள் கையில் ஒரு சொல் இருக்கிறது: ஆட்கொணர்வு மனு. இதைக் கத்திச் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் இருப்பவரிடம், "ஏனுங்க, ஆட்கொணர்வுன்னா என்னங்க?" என்று அப்பாவியாகக் கேட்டாலே சில இடங்களில் நாற்காலி போடுவார்கள்.

வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் 15100 என்ற எண்ணை அழையுங்கள். காவலில் இருக்கும் எவருக்கும் இலவச சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. வருமானச் சான்று கேட்பார்களோ என்று பயப்பட வேண்டாம். உள்ளே இருப்பதே தகுதிதான். மாப்பிள்ளை வாழ்க்கையில் சிபாரிசில்லாமல் பெற்ற முதல் தகுதி இதுவாகவும் இருக்கலாம்.

படி 2: மாப்பிள்ளைக்குப் புதுப் பெயர்

ரிமாண்ட் ஆனதும் எல்லோரும் காந்திபுரத்துப் பெரிய ஜெயிலுக்குத்தான் போவார்கள் என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். பொள்ளாச்சி கிளைச் சிறை போன்ற வேறு இடங்களும் உண்டு. பெண் என்றால் பெண்கள் சிறை. ரிமாண்ட் வாரண்ட்டில் எந்தச் சிறை என்று எழுதியிருப்பார்கள். வக்கீலிடம் கேளுங்கள். வக்கீல் சொன்னதை குமாஸ்தாவிடம் மறுபடி கேளுங்கள். குமாஸ்தா சொல்வதே சரியாக இருக்கும்.

இனி செல்போனிலேயே வேலை பார்க்கலாம். தேசியச் சிறைத் தகவல் தளத்தில் 'இ-முலாகாத்' என்ற வசதி இருக்கிறது. பார்க்கப் போகும் நாளை முன்கூட்டியே பதிந்துகொள்ளலாம். கேட்பதெல்லாம் கைதியின் பெயர், தகப்பனார் பெயர், வயது போன்ற சங்கதிகள்தான். சிக்கலும் அங்கேதான். பெயரை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்.

சாகுல் ஹமீது என்ற பெயரை எத்தனை விதமாக எழுதலாம்? சண்முகசுந்தரத்துக்கு முதல் எழுத்து எஸ் மட்டுமா, கூட ஒரு எச் உண்டா? ஒரு 'ஏ' குறைந்தால் உங்கள் மகன் அங்கே இல்லவே இல்லை என்று திரை அடித்துச் சொல்லும். ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருக்கும்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில் ஒருவர் எஃப்.ஐ.ஆரில் தட்டிய எழுத்துதான் இனி அவர் பெயர். ஜோசியர் எண் கணிதம் பார்த்து வைத்த பெயரைவிட அது உறுதியானது, லேசில் மாறாது. ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள்.

படி 3: பயணம்

உக்கடத்தில் காந்திபுரம் டவுன் பஸ் ஏறுங்கள். பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட் இல்லை. மாப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் அம்மா, பெண்டாட்டி, அக்கா, தங்கச்சிதான் என்பதால் இந்தத் திட்டம் இந்தக் கையேட்டுக்கு மிகவும் உதவியாக இருக்கிறது. சித்தப்பா, மாமா வகையறாக்களுக்கு டிக்கெட் உண்டு. அவர்கள் வராததற்கு அதுதான் காரணம் என்று நாம் பெருந்தன்மையாக நினைத்துக்கொள்வோம்.

டவுன்ஹால், ரயில்வே ஸ்டேஷன் தாண்டி வரும்போது ஜன்னல் பக்கம் பாருங்கள். வ.உ.சி. பூங்கா, வ.உ.சி. மைதானம் என்று பெயர்கள் வரும். பக்கத்தில் இருக்கும் சிறையில்தான் 1908 முதல் 1910 வரை வ.உ.சி. செக்கிழுத்தார். அந்தச் செக்கு உள்ளே நினைவுச் சின்னமாக நிற்கிறது; பிறந்த நாளான செப்டம்பர் 5 அன்று மாலை போடுகிறார்கள். கப்பல் ஓட்டியவர் மாடு மாதிரிச் சுற்றிய இடத்துக்கு அருகே அவர் பெயரில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். பூங்காவில் இருந்த மிருகக்காட்சி சாலைக்கு 2022-இல் அங்கீகாரம் ரத்தானது. கூண்டு சின்னதாக இருந்தால் மிருகங்களுக்கு இடமாற்றம் கிடைக்கும் என்பது இதனால் தெரிகிறது.

நஞ்சப்பா ரோட்டில் இறங்குங்கள். பஸ் ஸ்டாண்டுக்கும் கிராஸ்கட் ரோட்டு நகைக் கடைகளுக்கும் பக்கத்திலேயே, 1872-இல் இருந்து இந்தச் சிறை இருக்கிறது. நகரம் வளர்ந்து அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்க் ஒன்றும் இங்கே உண்டு. கைதிகள் பெட்ரோல் பிடித்துக் கொடுப்பார்கள். பங்க்கின் பெயர் 'ஃப்ரீடம்'. லிட்டர் கணக்கில் கிடைக்கும்.

ஊர் நடுவில் சிறை இருக்கும் இந்த வசதி எத்தனை நாளைக்கு என்று தெரியாது. சிறை நிலத்தில் 45 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா வந்துவிட்டது. 2025 நவம்பரில் திறந்தார்கள். சிறையைக் காரமடைப் பக்கம் பிளிச்சிக்கு மாற்ற ஏற்பாடு நடக்கிறது. ஊர் நடுவில் ஜெயில் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். மூட்டுவலியோடு உக்கடத்திலிருந்து பிளிச்சிக்கு எத்தனை பஸ் மாறுவது என்பது அதைவிடச் சின்னக் கேள்வி. ஏற்கெனவே சொன்னேன், எல்லாச் சந்தேகமும் சின்னதுதான்.

படி 4: மனு போடுதல்

உள்ளே இருப்பவரைப் பார்ப்பதற்கு வாசலில் 'மனு பார்க்கறது' என்று பெயர். "மனுவுக்கு வந்திருக்கேன்" என்று சொன்னால் பழைய ஆள் என்று மரியாதை கிடைக்கும். "மீட் பண்ண வந்தேன்" என்றால் புதுசு என்று தெரிந்துவிடும்.

கொண்டுபோக வேண்டியவை: ஆதார், ஆதாரின் நகல், நகலின் நகல், நீலப் பேனா, பொறுமை. கொண்டுபோகக் கூடாதது: செல்போன். எல்லாவற்றையும் செல்போனில் பதிந்துவிட்டு அதை வெளியே வைத்துவிட்டுப் போவதுதான் டிஜிட்டல் முறை. விசாரணைக் கைதிக்கு ஒரு கணக்கு, தண்டனைக் கைதிக்கு வேறு கணக்கு, குண்டாஸில் இருப்பவருக்கு இன்னொரு கணக்கு. எந்தக் கிழமை யாருக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். கேட்க வேண்டிய ஆள் கவுண்ட்டருக்கு உள்ளே இல்லை. வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கிறார்.

எல்லா வரிசையிலும் ஒரு அக்கா இருப்பார். கூடையில் தண்ணி பாட்டில், கையில் உருட்டி வைத்த முந்தானை. "எத்தன நாளாச்சுங் கண்ணு?" என்பார். மூணு நாள் என்றால் சிரிப்பார். "எனக்கு மூணு வருசம். நீ அந்தப் பக்கம் நில்லு, வெயில் வராது." எந்தச் சீட்டு எந்த ஜன்னலுக்கு, எந்தக் கையெழுத்து விட்டுப்போனால் திருப்பி அனுப்புவார்கள், எந்தப் பெட்டிக்கடையில் போனை நம்பி வைக்கலாம், எல்லாம் அவருக்குத் தெரியும். சட்டக் கல்லூரிகளில் இவருக்குப் பீடம் ஏதும் இல்லாதது நாட்டுக்கு நஷ்டம்.

உக்கடத்துக்காரர்களுக்கு இந்த வரிசை புதிதல்ல. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 உயிர்கள் போயின. அந்த வழக்கில் கைதானவர்களில் பலர் கோட்டைமேடு, உக்கடம் பக்கத்தவர்கள். தீர்ப்பு 2007-இல் வந்தது. செத்தவர்களின் வீடுகள் ஒன்பது வருஷம் ஒரு பக்கம் காத்திருந்தன. உள்ளே போனவர்களின் அம்மாக்கள் ஒன்பது வருஷம் வேறொரு வாசலில் நின்றார்கள். தண்டனை அடைந்தவர்கள் உண்டு. அதே ஒன்பது வருஷமும் உள்ளே இருந்துவிட்டுக் கடைசியில் விடுதலையானவர் கேரள அரசியல்வாதி அப்துல் நாசர் மதானி. வரிசையில் நிற்கும்போது யார் எந்த வகை என்று யாருக்கும் தெரியாது. நிற்கிறவர்களுக்கு வெயில் ஒன்றுதான்.

இதற்கு மட்டும் கிண்டலாகக் குறிப்பு எழுத எனக்கு வரவில்லை. அடுத்த படிக்குப் போவோம்.

படி 5: சீர்வரிசை

மாமியார் வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா என்று மனசு அடித்துக்கொள்ளும். அரிசிம்பருப்புச் சோறும் கொள்ளு ரசமும் தூக்குப்போசியில் கட்டிவிடுவீர்கள். 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 31-வது பிரிவு, விசாரணைக் கைதி வெளியிலிருந்து சாப்பாடும் துணியும் பெற்றுக்கொள்ள இடம் வைத்திருக்கிறது. ஆனால் சோதனைக்கும் விதிகளுக்கும் உட்பட்டு. எதை விடுவார்கள், எதை விடமாட்டார்கள் என்பதை அக்காவிடம் கேளுங்கள். திரும்பி வரும் தூக்குப்போசியை வாசலிலேயே திறந்து, பசியோடு நிற்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனால் அந்தச் சோறு இறங்காது.

விதியை மீறிப் பொருளை உள்ளே அனுப்பினால் 42-வது பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 1894-இல் எழுதினார்கள். பீடிக் கட்டை லட்டுக்குள் வைக்கும் யோசனை யாருக்காவது வந்தால், நாட்டில் அதை முதலில் யோசித்தவர் தாங்கள் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மாப்பிள்ளையைத் தினமும் பார்க்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு மட்டும் இந்த வழி ஏற்றது.

காசு கட்டலாம். பி.சி.பி. என்பார்கள், கைதியின் பெயரில் உள்ளே ஒரு கணக்கு. கேன்டீனில் சோப்பு, பிஸ்கட் வாங்கிக்கொள்வார். வெளியே இருந்தபோது உங்களிடம் சொல்லாமல் செலவு செய்தவர், இப்போது சோப்புக்கும் கணக்கு சொல்வார்.

படி 6: பேசுதல்

இத்தனையும் முடிந்து மாப்பிள்ளை எதிரே வந்துவிட்டார். நடுவில் கம்பி வலையோ கண்ணாடியோ இருக்கும். இந்தச் சில நிமிஷத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கதை உண்டு. டெல்லி திகார் சிறையில் தடுப்புக் காவலில் இருந்த ஃபிரான்சிஸ் கோராலி முல்லின் என்ற பெண்ணுக்கு ஐந்து வயது மகள். மாதம் ஒரு முறைதான் பார்க்கலாம் என்பது விதி. அவர் வழக்குப் போட்டார். உயிர் வாழும் உரிமை என்றால் மூச்சு விடுவது மட்டுமில்லை, உறவுகளைப் பார்ப்பதும்தான் என்று 1981-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தடுப்புக் காவல் கைதிக்கு வாரம் இரண்டு முறையாவது பார்க்கும் வாய்ப்பு வேண்டும் என்றும் சொன்னது. எப்போதாவது தலையாட்டிக்கொண்டே "அது சலுகைங்கம்மா" என்று யாராவது சொன்னால், நீங்களும் தலையாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கதையை மறக்காதீர்கள்.

பேச வேண்டியவற்றை வீட்டிலேயே வரிசைப்படுத்துங்கள். ஒன்று, அடுத்த வாய்தா எப்போது? இரண்டு, ஜாமீனுக்கு யார் ஷூரிட்டி? மூன்று, வக்காலத்தில் கையெழுத்துப் போட்டாச்சா? நான்கு, வண்டி சாவி எங்கே? பஸ்ஸில் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே நடக்கப்போவது இதுதான்:

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீ சாப்ட்டியா?"

"நான் சாப்ட்டுட்டுத்தான் வந்தேன். எளச்சுட்டியே."

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன். பாப்பா வரலியா?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கா. நீ வேளைக்குச் சாப்புடு."

நேரம் முடிந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டிருக்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். வண்டி சாவி எங்கே என்பது அடுத்த மனு வரைக்கும் மர்மம்.

படி 7: கடிதம் எழுதுதல்

வாயில் வராதது தாளில் வரும். போஸ்ட் கார்டு 50 பைசா, இன்லேண்டு லெட்டர் இரண்டரை ரூபாய். பெயர், தகப்பனார் பெயர், கைதி எண், மத்திய சிறை, கோயம்புத்தூர் 641018. பெயர் என்பது எஃப்.ஐ.ஆர். பெயர், பர்ஸில் சீட்டு இருக்கிறதல்லவா?

போஸ்ட் கார்டை வழியில் தபால்காரர் படிக்கலாம், இன்லேண்டை அவர் படிக்க மாட்டார் என்பதைத் தவிர இரண்டுக்கும் வித்தியாசமில்லை. எப்படியும் சிறை அதிகாரி படித்த பிறகுதான் மாப்பிள்ளை படிப்பார். எனவே கடிதத்தை இரண்டு பேருக்காக எழுதுங்கள். "அங்கு ஐயாமார்கள் எல்லோரும் நலமா?" என்று ஒரு வரி சேர்த்தால் குடி முழுகிப் போகாது.

சிறைக் கடிதத்தை லேசாக நினைக்காதீர்கள். அண்ணா தம் சிறை நாட்களைப்பற்றித் தம்பிக்கு எழுதிய கடிதங்கள் 'கைதி எண் 6342' என்ற பெயரில் புத்தகமாயின. 1979-இல் திகாரில் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, தன்னைப்பற்றி இல்லாமல், பக்கத்துக் கைதிக்கு நடந்த சித்திரவதையைப்பற்றி உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு எழுதினார். முத்திரைத் தாள் இல்லை, வக்கீல் இல்லை. அந்தக் கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. நீதிபதி கிருஷ்ணய்யரின் தீர்ப்பு அதில் வந்தது. நம் ஊரில் முனிசிபாலிட்டிக்குக் குழாய்த் தண்ணீர் வரவில்லை என்று எழுதிய கடிதத்துக்கு இந்த மரியாதை கிடைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

எழுதக் கூடாதவை: கடன்காரன் வந்துபோனது, பெரியப்பா கல்யாணத்துக்குச் சொல்லாதது, தெருவில் பேசிக்கொள்வது, நாய் செத்தது. எழுத வேண்டியவை: மழை பெய்ததா, பெரியகுளம் நிறைந்ததா, பாப்பா எந்தப் பாடத்தில் எத்தனை மார்க்கு. உக்கடம் பாலம் எதுவரை வந்திருக்கிறது என்று எழுதலாம் என்ற வசதி ஒரு காலத்தில் இருந்தது. 2018-இல் தொடங்கி 2024 ஆகஸ்ட் வரை கடிதத்துக்கு விஷயப் பஞ்சமே இல்லை. இன்று ஒரு தூண், அடுத்த மாதம் இன்னொரு தூண். நம் கேஸைவிட மெதுவாக நகரும் ஒன்று ஊரில் இருக்கிறது என்பது உள்ளே இருப்பவருக்கு எத்தனை ஆறுதல்! பாலத்தைத் திறந்து அந்த ஆறுதலையும் பறித்துவிட்டார்கள்.

பதில் வராவிட்டால் கோபிக்காதீர்கள். மறுபடி எழுதுங்கள்.

அடிக்கடி கேட்கும் சந்தேகங்கள்

*பிள்ளைகளிடம் என்ன சொல்வது?* துபாய்க்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்பது மரபு. ஆனால் துபாயிலிருந்து காந்திபுரம் முத்திரையோடு கடிதம் வருவதற்கு ஒரு விளக்கம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

*அக்கம்பக்கத்தில் கேட்டால்?* அவர்களுக்கு உங்களுக்கு முன்பே தெரியும். கேட்பது தகவலுக்காக இல்லை.

*ஜாமீன் கிடைத்த அன்றே விடுவார்களா?* உத்தரவு வருவதும் கதவு திறப்பதும் இரண்டு வேறு சம்பவங்கள். நடுவில் ஷூரிட்டி, காகிதம், எஃப்.ஐ.ஆர். பெயர் எல்லாம் உண்டு.

படி 8: கூட்டி வருதல்

விடுதலை என்றால் பொதுவாகச் சாயங்காலம். மாற்றுச் சட்டை, செருப்பு, பஸ்ஸுக்குச் சில்லறை. அவர் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும் என்பது சாஸ்திரம். வரிசை அக்காவிடம் மட்டும் நீங்கள் திரும்பிப் பார்த்துத் தலையசைக்கலாம், தப்பில்லை.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டை அவருக்குக் கொடுங்கள். எதுவும் கேட்க வேண்டாம். ரயில்வே ஸ்டேஷன், டவுன்ஹால் தாண்டி உக்கடம் வரும். மேலே நீளமாகப் போகும் பாலத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்பார்:

"இது எப்பம்மா முடிஞ்சுது?"

"லெட்டர்ல எழுதினனே சாமி."

"எந்த லெட்டர்ல?"

அதற்கு மேல் கேட்காதீர்கள். எத்தனை கடிதம் போய்ச் சேர்ந்தது என்று எண்ணிப் பார்க்கிற நாள் இது இல்லை. இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. தூக்குப்போசியை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அதில் சோறு இருக்கிறது.